கிளி ஏன் சிளி ஆகவில்லை?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். பேச வேண்டிய செய்திதான் அது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், ஊர்ச் சபையார் கூடி எடுத்த முடிவுகள் அந்தக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. குடும்புகள் என்ற முப்பது ஊர்ப் பிரிவுகள், தகுதியுள்ளவர்களின் பெயரெழுதிய ஓலைகள், அவற்றைக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கும் முறை, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்றும் விலக்கு உண்டு. கல்வெட்டுத் துறையைச் சேர்ந்த வி. வெங்கய்யா 1898இல் இவற்றைக் கண்டு, 1904–05ஆம் ஆண்டின் தொல்லியல் துறை அறிக்கையில் விரிவாக அச்சிட்ட பிறகுதான் இந்தச் செய்தி வெளியுலகத்துக்குப் போயிற்று.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லில் வரும் ஓர் எழுத்தைப் பற்றியது. சபையார் தங்கள் முடிவைப் பதியும்போது ‘வ்யவஸ்தை செய்தோம்’ என்கிறார்கள். முதற்சொல் வடமொழி, கிரந்த எழுத்து கலந்து வருகிறது. அடுத்த சொல் நாம் காலையிலிருந்து இரவு வரை சொல்லும் சொல். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனிக் கொம்பும் கிடையாது. ஆகவே கல்லில் அது இன்றைய கண்ணுக்குச் சற்று மாறித் தெரியும். ஆனால் முதலில் நிற்பது ச என்பதில் ஐயமில்லை.

அதே பத்தாம் நூற்றாண்டில், துங்கபத்திரைக்கு அப்பால் ராஷ்டிரகூடர் ஆட்சியில் கன்னடக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அரசன் ஆட்சி செய்துகொண்டிருக்கையில் என்று சொல்ல அவை எழுதும் தொடர் ‘ராஜ்யம் கெய்யெ’. கெய் என்பது நம் செய். 949இல் ராஷ்டிரகூடப் படை தக்கோலம் வரை வந்து பராந்தகனின் மகன் ராஜாதித்தனைப் போரில் கொன்றது. போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு படைகளும், தெரியாமலே, ஒரே வினைச்சொல்லின் இரண்டு உருவங்களைப் பேசிக்கொண்டிருந்தன.

ஒரு சொல் மட்டும் இப்படி ஒத்துப்போனால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் வரிசையாக வருகிறது. நமக்குச் செவி, கன்னடத்துக்குக் கிவி. சிவப்பு அங்கே கெம்பு. செருப்பு அங்கே கெர. நன்செய், புன்செய் என்பதில் வயலைக் குறிக்கும் செய் பழங்கன்னடத்தில் கெய். ஏரிகளால் பிழைக்கும் இந்தப் பகுதிக்காரர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். நீரைத் தடுத்து நிறுத்தும் கரைக்கும் அணைக்கும் பழந்தமிழில் சிறை என்று பெயர். மலையாளத்தில் அது சிற. தெலுங்கில் ஏரிக்கே செருவு என்று பெயர். கன்னடத்தில் கெரெ. பெங்களூரில் எத்தனையோ பகுதிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கெரெயும், உத்திரமேரூரின் வயிரமேகத் தடாகத்துக்குக் கரையாக நிற்கும் சிறையும் ஒரே வேரில் கிளைத்தவை.

கவனித்தால் விதி தெரியும். பழைய மொழியில் க என்று இருந்தது. அதற்குப் பின் இ, ஈ, எ, ஏ என்ற உயிர்கள் வந்த இடத்தில் தமிழ் அதை ச ஆக்கிற்று. கன்னடம் அப்படியே வைத்துக்கொண்டது. அ, ஆ, உ, ஊ, ஒ, ஓ வந்த இடத்தில் இரண்டு மொழிகளிலும் க தான். கல், காடு, குடி, கோழி எதுவும் சல், சாடு என்று ஆகவில்லை. எந்த ஒலிக்குப் பக்கத்தில் எது வந்தால் மாற வேண்டும் என்று ஊர் கூடி யாரும் தீர்மானிக்கவில்லை. ஆயிரமாயிரம் வாய்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே ஒழுங்கில் மாறியிருக்கின்றன. மொழியியலில் என்னை முதலில் கட்டிப்போட்டது இதுதான்.

ஏன் இ, எ ஆகியவற்றுக்கு முன்னால் மட்டும்? வாய்க்குள் பார்த்தால் போதும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்கு வேண்டியதையெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. நாவின் அடி மேலண்ணத்தைத் தொட்டால் ககரம். நாவின் இடைப்பகுதி தொட்டால் சகரம். நுனி தொட்டால் டகரம். உயிர்களைச் சொல்லுமிடத்தில் இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தையும் தனிக் கூட்டமாகப் பிரித்து, அவை நாவின் விளிம்பு பல்லின் அருகே பொருந்தப் பிறப்பவை என்கிறது. கி என்று சொல்லப் போகும் நாக்கு, க முடிவதற்கு முன்பே இ-க்காக முன்னால் எழும்பத் தொடங்கிவிடுகிறது. அடிநாக்கில் நடக்க வேண்டிய தொடுகை சற்று முன்னால் நகர்கிறது. கூ, கீ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நாக்கு அண்ணத்தைத் தொடும் இடம் நகர்வது தெரியும். தலைமுறை தலைமுறையாக அது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்ந்தால் போய்ச் சேரும் இடம் ச.

நாக்கு எல்லா மனிதருக்கும் ஒன்றுதான். ஆகையால் இந்த நகர்வு தமிழோடு நின்றுவிடவில்லை. லத்தீனில் நூறைக் குறித்த ‘கெந்தும்’ இத்தாலியனில் ‘செந்தோ’ ஆயிற்று. பால்டிக் கடலோரத்தில் லிதுவேனிய மொழி, லாட்விய மொழி என்று இரண்டு சகோதர மொழிகள் இருக்கின்றன. பாதையை லிதுவேனியர் ‘கெலியஸ்’ என்கிறார்கள். லாட்வியர் ‘த்ஸெல்ஷ்’ என்கிறார்கள். மற்றவன் என்பதற்கு அங்கே ‘கிதாஸ்’, இங்கே ‘த்ஸித்ஸ்’. லிதுவேனியம் நிற்கும் இடத்தில் கன்னடம். லாட்வியம் நிற்கும் இடத்தில் தமிழ். இரண்டு குடும்பங்களுக்கும் உறவு எதுவும் கிடையாது. வாயின் அமைப்பு ஒன்றே இரண்டையும் ஒரே வழியில் நடத்தியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இ-க்கு முன் க எல்லாம் ச ஆயிற்று என்றால், கிளி ஏன் சிளி ஆகவில்லை? கேள் ஏன் சேள் ஆகவில்லை? கெடு, கிழவன், கிணறு, கெண்டை, கீழ் எல்லாம் எப்படித் தப்பின? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இங்கே என்னென்ன நடந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

தென்னாட்டு மொழிகள் தமக்குள் ஒரு குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதை அச்சில் முதன்முதலாகச் சான்று காட்டி எழுதியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னையில் கலெக்டராக இருந்தவர். திருக்குறளில் தோய்ந்தவர். தொண்டை மண்டலத்து நில உரிமையான மிராசு பற்றிக் கேள்வி எழுந்தபோது விரிவான அறிக்கை எழுதியவரும் அவர்தான். 1816இல் ஏ.டி. காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரைக் குறிப்பாக அவர் எழுதியது சில பக்கங்கள். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். அந்த வேலையில் சங்கரய்யா, பட்டாபிராம சாஸ்திரி போன்ற உள்ளூர் அறிஞர்களின் உழைப்பு கலந்திருந்தது. சென்னைக் கோட்டைக் கல்லூரி என்ற ஒரு இடத்தில் தமிழ்ப் புலவரும் தெலுங்குப் புலவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்ததால்தான் இந்த ஒப்பீடே கண்ணில் பட்டது என்பது என் எண்ணம். எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் குறிப்பை எல்லோரும் மறந்தார்கள்.

பிறகு 1856. இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. எல்லிஸ் சில பக்கங்களில் சொன்னதைக் கால்டுவெல் பெரிய நூலாக எழுதினார். வேற்றுமை உருபு, எண்ணுப் பெயர், மூவிடப்பெயர், வினைமுற்று என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார். பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுவி வரை அவர் பார்வை போயிற்று. அங்கே கண்ணுக்கு ‘ஃகன்’, கல்லுக்கு ‘ஃகல்’. தொண்டையில் உரசும் க.

அதே 1856இல், ரஷ்யப் பேரரசின் தோர்பாட் நகரத்தில் (இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து) ஒரு மாணவர் சின்னப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பெயர் யூரிஸ் அலுனான்ஸ், வயது 24. புத்தகத்தின் பெயர் ‘ஜியெஸ்மிஞாஸ்’, சிறுபாடல்கள். ஜெர்மன், லத்தீன், ரஷ்யக் கவிஞர்களின் பாடல்களை லாட்விய மொழியில் ஆக்கித் தந்திருந்தார். லாட்வியம் அப்போது பண்ணையாட்களின் மொழி. நிலம் ஜெர்மானியப் பிரபுக்களிடம், மேற்படிப்பு ஜெர்மனில், பிரசங்க மேடையும் ஜெர்மானியப் பாதிரிமார்களிடம். படித்த லாட்வியன் ஜெர்மானியனாக மாறிவிட வேண்டும் என்பதே எழுதாத விதி. லத்தீன் கவி ஹொராசியஸின் பாடலை லாட்வியத்தில் பாட முடியும் என்று ஒரு மாணவர் செய்து காட்டியது அந்த விதியின் மேல் விழுந்த அடி. லாட்வியர்களின் தேசிய விழிப்பு அந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறது என்று இன்று அவர்கள் வரலாறு எழுதுகிறது.

அலுனான்ஸ் கவிதையோடு நிற்கவில்லை. மொழி எப்படி மாறுகிறது, எந்தச் சொல் நம்முடையது, எது கடன் என்று செய்தித்தாளில் எழுதினார். வேண்டிய புதுச்சொற்களை உண்டாக்கினார்; அவற்றில் பல இன்றும் புழங்குகின்றன. 1860இல் ‘சேத்தா, தாபா, பசௌலே’ (பண்ணைவீடு, இயற்கை, உலகம்) என்று ஒரு தொகுப்பைத் தொடங்கி, உழவர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்கு அறிவியல் கட்டுரைகள் போட்டார். 1864இல், 31 வயதில், இறந்தார். அந்த ஆண்டுதான் ஆகஸ்ட் பீலன்ஸ்டைன் என்ற ஜெர்மானியப் பாதிரியார் எழுதிய லாட்விய மொழி இலக்கணத்தின் இரண்டு தொகுதிகளும் அச்சாகி முடிந்தன. அந்த மொழியின் ஒலிகளை அறிவியல் முறையில் ஆராய்ந்த பெரிய நூல் அது. வேற்றுமொழிக்காரரான பாதிரியார் ஒருவர் ஆழமாக ஆராய்கிறார். மண்ணில் பிறந்த இளைஞர் ஒருவர் அதே அறிவைத் தன் மக்களின் மொழியிலேயே சொல்கிறார். இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்துதான் ஒரு மொழியை நிமிர்த்துகின்றன. கால்டுவெல்லுக்கு நம்மிடையே அப்படி ஒருவர் வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் சூரியநாராயண சாஸ்திரி. மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870 ஜூலை 6 அன்று பிறந்தவர். வடமொழியைத் தந்தை கோவிந்த சிவனாரிடமும், தமிழை மதுரையில் சபாபதி முதலியாரிடமும் படித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1892இல் பி.ஏ. தேறினார். தத்துவத்திலும் தமிழிலும் முதலிடம். தத்துவம் கற்பிக்கப் போயிருந்தால் மதிப்பும் சம்பளமும் கூடியிருக்கும். அவர் கேட்டு வாங்கிக்கொண்டது தமிழாசிரியர் வேலையை. அன்றைக்குக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் என்றால் எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்பது தெரிந்தால்தான் அந்த முடிவின் எடை புரியும்.

அதன் பிறகு பத்தே ஆண்டுகள். ரூபாவதி, கலாவதி என்று நாடகங்கள் எழுதினார். மானவிஜயம் என்று அகவற்பாவில் ஒரு நாடகம். நாடகத்துக்கு இலக்கணமாக 1897இல் நாடகவியல். மதிவாணன் என்று ஒரு புதினம். ஆங்கிலத்தின் பதினான்கு வரிப் பாடல் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து தனிப்பாசுரத்தொகை என்று வெளியிட்டார். அதைப் பரிதிமாற்கலைஞன் என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று நாடு அவரை அந்தப் பெயரால்தான் அறிகிறது. ஜி.யு. போப் அந்தப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து ஞானபோதினி என்ற இதழை நடத்தினார். சி.வை. தாமோதரம் பிள்ளை அவருக்குத் திராவிட சாஸ்திரி என்று பெயர் சூட்டினார். 1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் யோசனை வந்தபோது, அவரும் பூரணலிங்கம் பிள்ளையும் உறுப்பினர்களைச் சந்தித்து வாதாடினார்கள். யோசனை கைவிடப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் அடுத்த இரண்டு தலைமுறைப் பட்டதாரிகள் தமிழைப் படிக்காமலே வெளிவந்திருப்பார்கள்.

எனக்கு இவற்றுள் பெரியதாகப் படுவது 1903இல் வந்த தமிழ் மொழியின் வரலாறு. தமிழின் பிறப்பு, பிற மொழிகளோடு உள்ள உறவு, வடமொழிக் கலப்பு, எழுத்து, இலக்கியம் என்று தமிழைப் பற்றிய வரலாற்றைத் தமிழிலேயே எழுதிய தொடக்க நூல்களில் ஒன்று. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் நிலைநாட்டியது அதில்தான். உயர்ந்த மொழி என்பதற்கு ஒரு காரணம், தனித்து நிற்கும் மொழி என்பதற்கு வேறு காரணம், செம்மையான மொழி என்பதற்கு மற்றொன்று எனப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நியாயம் காட்டுகிறார். புகழ்மாலை வேறு, வாதம் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கால்டுவெல்லிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. 1856இல் சங்க நூல்கள் ஓலையில் உறங்கின. கால்டுவெல் அவற்றைப் பார்க்காமலே தமிழின் காலத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. பரிதிமாற்கலைஞர் எழுத உட்கார்ந்தபோது, தாமோதரம் பிள்ளை அச்சிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரமும் (1885) கலித்தொகையும் (1887), உ.வே. சாமிநாதையர் அச்சிட்ட சிலப்பதிகாரமும் (1892) புறநானூறும் (1894) வெளிவந்திருந்தன. மொழிநூல் அறிவு மேற்கிலிருந்தும் பழம்பனுவல்கள் சுவடிக் கட்டுகளிலிருந்தும் வந்து கூடிய வேளையில் அவர் எழுதினார். நூல் வந்த அதே ஆண்டு நவம்பர் 2 அன்று என்புருக்கி நோயால் இறந்தார். வயது 33. தமிழைச் செம்மொழியாக இந்திய அரசு அறிவித்தது 2004இல்.

அலுனான்ஸுக்கு 31, இவருக்கு 33. இருவரும் கவிதை எழுதினார்கள். இருவரும் அயல்மொழி வடிவத்தைத் தம் மொழியில் பூக்க வைத்துக் காட்டினார்கள். இருவரும் மொழியின் வரலாற்றை மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். லாட்வியம் பேசுவோர் இன்றும் இருபது லட்சத்துக்குள்தான். அவர்களுக்குச் சங்கப் புலவர்களும் தொல்காப்பியரும் இல்லை, நாட்டுப்பாடல்கள் இருந்தன. எண்ணிக்கையும் பழமையும் இல்லாமலே ஒரு மொழி தன்னை ஆராய்ந்து எழுந்து நிற்க முடியும் என்பதற்கு அது சாட்சி. எல்லாம் இருந்தும் ஆராய்ச்சி வேண்டும் என்பதற்கு நாம் சாட்சி.

இனி கிளிக்கு வருவோம்.

கால்டுவெல்லுக்குப் பின் வந்தவர்கள் சொற்களைக் குவித்துக்கொண்டே போனார்கள். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரான தாமஸ் பர்ரோ 1943இல் இந்தச் சொல்முதல் ககரத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்து, தப்பிய சொற்களுக்குள்ளும் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். கிளி, கேள், கெடு, கிழவன், கிணறு, கெண்டை, கீழ். இ-க்கோ எ-க்கோ அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். ள, ள, ட, ழ, ண, ண், ழ். எல்லாம் நாக்கின் நுனியை மேலே வளைத்துச் சொல்லும் எழுத்துகள். செவியில் வ, செய்யில் ய, செருப்பில் ர. வளைநா ஒலி பின்னால் நின்றால் க பிழைத்துக்கொள்கிறது. தெலுங்கு இந்தச் சலுகையைக்கூடக் கொடுக்கவில்லை. அங்கே கெடு என்பது ‘செடு’; கிளிக்கு ‘சிலுக’. கன்னடம் எதையும் மாற்றவில்லை, தெலுங்கு எல்லாவற்றையும் மாற்றிற்று, தமிழ் பாதியில் நின்றது.

ஆனால் இது விதி மட்டும்தான். காரணம்? சொல்லின் மூன்றாவது ஒலி, இரண்டாவது ஒலியைத் தாண்டி, முதல் ஒலியை எப்படிக் காப்பாற்றும்?

காரணம் உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் கேட்கிறது. ‘வூட்டுக்குப் போலாம் வாடா’ என்கிறார் ஒருவர். ‘பொண்ணு வூட்டுக்காரங்க வந்துட்டாங்க’ என்கிறார் இன்னொருவர். வீடு வூடு ஆகிறது. பெண் பொண்ணு, பிள்ளை புள்ள, பெட்டி பொட்டி, மிளகாய் மொளகா, பிழைப்பு பொழப்பு, பிடி புடி, விடு வுடு. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் கொச்சை என்று சொல்லி அடித்துத் திருத்தினார்கள். இப்போது அந்தச் சொற்களை வரிசையாக நிறுத்துங்கள். ட, ண, ள, ட், ள, ழ, ட, ட. மீண்டும் அதே வளைநா ஒலிகள். விதை வெதை ஆகும், வொதை ஆகாது. வெயில், விரல், பெரிய, மெதுவாக, மீன் எதிலும் இ, எ போய் உ, ஒ வந்து உட்காரவில்லை. படிக்காதவர் வாய் தவறிப் பேசுவது என்று நாம் நினைத்ததற்குள் இத்தனை கறாரான இலக்கணம்.

நடப்பது இதுதான். இ சொல்ல நாக்கு முன்னால் எழும்ப வேண்டும். ள, ட சொல்ல நுனி பின்னால் வளைய வேண்டும். இரண்டும் எதிரெதிர் இழுப்பு. அடுத்து வளையப் போகிறோம் என்று தெரிந்த நாக்கு இ-யை முழுதாக முன்னால் கொண்டுபோவதில்லை. சற்றுப் பின்னாலேயே நிறுத்திக்கொள்கிறது. கிலி என்றும் கிளி என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் ஒரே கி. வாயில் இரண்டு கி. கிளியின் இ மங்கலானது, உள்வாங்கியது. முன்னால் ப, வ, ம என்ற இதழொலி இருந்தால் உதட்டின் குவிவும் சேர்ந்துகொண்டு அந்த உள்வாங்கிய இ உ ஆகவே ஆகிவிடுகிறது, வூடு பிறக்கிறது. முன்னால் இருப்பது க என்றால் உதடு குவிய வேலையில்லை. ஆனால் பின்னால் நிற்கும் இ, க-வை முன்னால் இழுக்க வலுவில்லாமல் இருக்கிறது. க அங்கேயே நின்றுவிடுகிறது.

அதாவது கிளி சிளி ஆகாததும் வீடு வூடு ஆனதும் நாக்கின் ஒரே செயலால். ஒன்று மிகப் பழைய காலத்தில் நடந்து முடிந்தது. மற்றது நம் காதுக்கு முன்னால் நடக்கிறது.

எவ்வளவு பழைய காலம்? அசோகன் கல்வெட்டுகள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தென்னாட்டு அரசர்களைச் சொல்லும்போது சோழ, பாண்டியரோடு ‘கேரளபுத்திர’ரையும் சேர்த்துச் சொல்கின்றன. ரோமானியரும் கிரேக்கரும் அதே பெயரை ககரத்தோடு எழுதினார்கள். தமிழில் அவர்கள் சேரர். கரூரை அடுத்த புகளூரில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டிலும் அரச குலத்தவர் பெயர் சகரத்தில்தான் தொடங்குகிறது. கேரள, சேரல இரண்டும் ஒரே பெயர் என்றால், வெளியார் காதில் க விழுந்த காலத்துக்கும் உள்ளூர்க் கல்லில் ச வந்த காலத்துக்கும் இடையிலோ அதை ஒட்டியோ இந்த மாற்றம் தமிழில் நடந்திருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். உத்திரமேரூர்ச் சபையார் ‘செய்தோம்’ என்று வெட்டிய நாளில் அதற்கே ஏறத்தாழ ஆயிரம் வயது ஆகியிருந்தது.

இந்த விதியிலும் இடைவெளி இல்லாமல் இல்லை. ஒன்று ற. அது வளைநா ஒலி அல்ல. ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்பது. சிறு, சிறை ஆகியவற்றில் ற இருந்தும் க ச ஆகிவிட்டது. கீறு என்பதில் ஆகவில்லை. பேச்சிலும் அதே தடுமாற்றம். பிறந்த ஊர் ‘பொறந்த ஊரு’ ஆகிறது, பிறகு ‘பொறவு’ ஆகிறது. விறகு மட்டும் வெறகோடு நிற்கிறது. கீரை ர வைத்துக்கொண்டும் க-வை விடவில்லை. இப்படிப்பட்டவை விதியைக் கெடுப்பவை என்று நான் நினைப்பதில்லை. முன்பு கிளியும் இப்படித்தான் வெளியே நின்றுகொண்டிருந்தது.

பரிதிமாற்கலைஞருக்கு அச்சிட்ட நூல்கள் கிடைத்தன. ஊர்ப்பேச்சைப் பிடித்து வைக்கக் கருவி இல்லை. இன்று மேய்ச்சலுக்குப் போகிறவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் பிராட் என்ற மென்பொருளில் அந்த ஒலியைப் போட்டால், உயிரொலியின் அதிர்வுப் பட்டைகள் திரையில் வரும். நாக்கு முன்னால் இருந்தால் இரண்டாவது பட்டை மேலே ஏறும். பின்வாங்கினால் கீழே இறங்கும். கிலிக்கும் கிளிக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கால் உணர்ந்ததோடு நில்லாமல் அளந்தே பார்க்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பருவத் தேர்வுக் கட்டுரைக்குச் செய்து முடிக்கக்கூடிய வேலை.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் பக்கம் ஓர் ஊர், மதுராந்தகம் பக்கம் ஓர் ஊர், வந்தவாசி பக்கம் ஓர் ஊர். ஒவ்வொன்றிலும் பள்ளிக்கே போகாத பாட்டி ஒருவரும், பள்ளியில் படிக்கும் பேத்தி ஒருத்தியும். எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்லக் கூடாது; பேச்சோடு பேச்சாக வாங்க வேண்டும். வீடு, விதை, பிள்ளை, பின்னல், மிளகாய், மீன், கிளி, கிலி. கடைசியில் பிறந்த, பிறகு, விறகு மூன்றையும் மறக்காமல் கேளுங்கள். ற எந்த ஊரில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து குறித்து வைக்க வேண்டும்.